பார்க்குக்கு முன்னாடி இருந்த ஒரு கிரவுண்டு

2024 பிப்ரவரில ஒரு செவ்வாக்கிழமை காலைல பால் வாங்கிட்டு திரும்பி வர்றப்போ பார்த்தேன், எங்க பார்க் வாசல்ல நாலு பேர் டேப் பிடிச்சு அளந்துகிட்டு இருந்தாங்க. ஒருத்தர் மூலைக்கு மூலை குச்சி அடிச்சு நூல் கட்டறாரு, இன்னொருத்தர் அது மேலயே சுண்ணாம்புக் கோடு போட்டுகிட்டே வர்றாரு. கார்ப்பரேஷன்ல இருந்து வந்திருக்காங்க, காம்பவுண்டு கட்டப் போறாங்கன்னு நெனச்சு சந்தோஷமா போய் கேட்டேன். "இல்லக்கா, இந்த முன்பக்க இடத்துக்கு ஓனர் அளக்க சொல்லியிருக்காரு, விக்கறாங்க"ன்னாரு அந்தப் பையன். எனக்கு ஒண்ணுமே புரியல. பார்க்குக்கு ஏது ஓனர்?

மடிப்பாக்கத்துல எங்க லேஅவுட் 70கள் கடைசில போட்டது. நாங்க குடி வந்தது 1989ல, நான் அப்போ மூணாவது படிக்கிறேன். அப்போ இது பஞ்சாயத்து, சென்னை கூட இல்ல, 2011ல தான் கார்ப்பரேஷனோட சேர்த்தாங்க. பார்க்குன்னு சொல்றேனே தவிர பெருசா ஒண்ணும் கெடையாது, உள்ள ஒரு தூங்குமூஞ்சி மரம், ஏழெட்டு புங்கம், ஒரு நாட்டு வாதாம், ரெண்டு கல் பெஞ்சு, ஒரு பழைய கைப்பம்பு, அதுக்கு முன்னாடி ரோட்டு ஓரமா சின்ன மண் திடல், அவ்ளோதான். ஆனா அந்த திடல்ல தான் எங்க ஊரே நடந்துச்சு. 2003லயும் 2019லயும் தண்ணிப் பஞ்சம் வந்தப்போ லாரி நிக்கறது அங்க தான், ராத்திரியே குடத்தை வரிசைல வெச்சுட்டு அந்த வரிசைக்கு காவலா ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல சாப்பாட்டு பொட்டலம் வந்து இறங்கினதும் அங்க தான், ஏன்னா தெருவை விட அது அரை அடி ஒசரம். வர்தா புயல்ல பாதி புங்கம் விழுந்துச்சு, தூங்குமூஞ்சி மட்டும் ஒரு கிளையோட தப்பிச்சுது.

அந்த திடல் தான் பார்க்கோட வாசல்னு 35 வருஷமா நாங்க நெனச்சுகிட்டு இருந்தோம். அது இல்லைன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது.

எங்க லேஅவுட் சங்கத்துல பழைய பிளான் ஜெராக்ஸ் ஒண்ணு இருந்துச்சு, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு போய். மூணாவது தெரு மாமா, பொதுப்பணித் துறைல ரிட்டயர் ஆனவர், பூதக்கண்ணாடி வெச்சு பார்த்துட்டு சொன்னாரு, "பின்னாடி பச்சை அடிச்சிருக்கு பாரு அது தான்மா பார்க், முன்னாடி சின்னதா ஒரு கட்டம் இருக்கே, அதுல ஷாப் சைட்னு எழுதியிருக்கு." பச்சை அடிச்ச இடத்தை லேஅவுட் போட்டவர் அப்பவே பஞ்சாயத்துக்கு தானப் பத்திரம் எழுதி குடுத்துட்டாரு, அதுல பிரச்சனை இல்ல. கடைக்குன்னு ஒதுக்கின இடம் அவர் பேர்லயே நின்னுடுச்சு, கடை யாரும் கட்டல, பசங்க கிரிக்கெட் ஆடினாங்க, அப்படியே 45 வருஷம் ஓடிடுச்சு. சரியா ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. பார்க்குக்கு மத்த மூணு பக்கமும் வீட்டு மதில் சுவர். அந்த ஒரு கிரவுண்டுல வீடு வந்துட்டா பார்க் இருக்கும், ஆனா உள்ள போக வழி இருக்காது.

இதை கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா சென்னைல நெறைய பழைய லேஅவுட்ல இதே கதை இருக்கு. இப்போ ரூல்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா 10 சதவீதம் இடத்தை ஓஎஸ்ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடுன்னு உள்ளாட்சிக்கு பதிஞ்சு குடுத்தே ஆகணும். ஆனா பழைய மனைப் பிரிவுல பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, பொது உபயோகத்துக்குன்னு பிளான்ல எழுதியிருக்கும், பத்திரத்துல இருக்காது. நாம பார்க்கறது மரத்தை. வாங்கறவன் பார்க்கறது வில்லங்க சான்றிதழை. உங்க தெரு முனைல ஒரு காலி இடம் இருந்து அது பொது இடம்னு எல்லாரும் சொல்லிகிட்டு இருந்தா, ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்க, ஆன்லைன்லயே பார்க்கலாம்.

வக்கீல்கிட்ட போனோம். 20 வருஷத்துக்கு மேல தடையில்லாம அந்த வழியா போய் வந்திருக்கோம், 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி வழி உரிமை கேக்கலாம், கேஸ் போடலாம்னாரு. "ஜெயிச்சா என்ன சார் கெடைக்கும்?"னு கேட்டதுக்கு, "நடக்கறதுக்கு ஒரு பாதை கெடைக்கும்மா, நாலடியோ அஞ்சடியோ, எத்தனை வருஷம் ஆகும்னு கேக்காதீங்க, திடல் கெடைக்காது"ன்னாரு. அன்னிக்கு சாயங்காலம் கல் பெஞ்சுல உக்காந்து பேசும்போது தான் மொதல்ல யாரோ சொன்னாங்க, அப்போ நாமளே வாங்கிடலாமேன்னு. யார் சொன்னதுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை, ஆளாளுக்கு நான் தான்னு சொல்றாங்க.

ஓனர் கோயம்புத்தூர்ல இருக்காரு, லேஅவுட் போட்டவரோட பையன். போன் பண்ணோம். நேர்ல வந்தாரு, மரத்தடில உக்காந்தாரு, தனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்கு, ஒரு பில்டர் சதுர அடி 7,500க்கு கேக்கறாரு, 1 கோடியே 80 லட்சம் வருதுன்னு நேராவே சொன்னாரு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அவர் சொத்து அது. நாங்க 5,000 கேட்டோம், அவர் 6,000ன்னாரு. நடுவுல எங்க தெரு பாட்டி ஒருத்தங்க, 84 வயசு, ஓனரோட அப்பாவை நேர்ல தெரிஞ்சவங்க, "உங்கப்பா கைப்பம்பு போடறப்போ நான் தான்டா ராஜா மொத குடம் பிடிச்சேன்"னு சொன்னாங்க. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. 5,500க்கு முடிஞ்சுது. 15 லட்சம் அட்வான்ஸ், ஆறு மாசம் டைம், அக்ரிமென்ட் ஏப்ரல்ல போட்டோம்.

2400 பெருக்கல் 5,500, 1 கோடியே 32 லட்சம். எல்லாரும் இந்த நம்பரையே மனசுல வெச்சுகிட்டு இருந்தோம், பொருளாளர் நான் தான், நானும் தான். மாமா தான் ஞாபகப்படுத்தினாரு, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம், அது மட்டுமே 11 லட்சத்து 88 ஆயிரம். வக்கீல் ஃபீஸ், அக்ரிமென்ட் செலவு எல்லாம் சேர்த்து 1 கோடியே 45 லட்சம்னு போர்டுல எழுதினோம்.

இந்த இடத்துல ஒரு பெரிய சண்டை வந்துச்சு. கமிட்டில ரெண்டு பேர், அரசாங்கம் வெச்சிருக்கற கைட்லைன் வேல்யூவுக்கு மட்டும் பத்திரம் போட்டுட்டு மிச்சத்தை கைல குடுத்துடலாம், அஞ்சாறு லட்சம் மிச்சமாகும், எல்லாரும் அப்படித்தானே பண்றாங்கன்னாங்க. நான் முடியவே முடியாதுன்னு நின்னேன். 500 ரூபா குடுத்தவங்களுக்கும் ரசீது போட்டிருக்கேன், அந்த ரசீது எல்லாம் கூட்டினா வர்ற தொகை பத்திரத்துல இருக்கணும், இல்லைன்னா நாளைக்கு யார் மூஞ்சியையும் நான் பார்க்க முடியாது. அன்னிக்கு ராத்திரி 11 மணி வரைக்கும் பேசி கடைசில முழுசும் வெள்ளைலயேன்னு முடிவாச்சு. 50 லட்சத்துக்கு மேல வாங்கறதால 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு ஓனர் பான்ல கட்டினது கூட எல்லாம் முறையா போச்சு.

இன்னொரு இடியும் இருந்துச்சு. எங்க சங்கம் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிஞ்சது தான், ஆனா வருஷா வருஷம் தாக்கல் பண்ண வேண்டிய கணக்கு 6 வருஷமா தாக்கல் பண்ணவே இல்ல. சங்கம் பேர்ல சொத்து வாங்கணும்னா மொதல்ல சங்கம் உயிரோட இருக்கணும் இல்லையா. ஆடிட்டரை பிடிச்சு, அபராதம் கட்டி, பொதுக்குழு கூட்டி தீர்மானம் போட்டு, ரெண்டு மாசம் அதுக்கே போச்சு. குடுக்கறவங்களுக்கு வருமான வரிச் சலுகை கெடைக்கற 80ஜி பதிவு இருக்கான்னு பெரிய தொகை குடுக்கறவங்க எல்லாரும் கேட்டாங்க. எங்ககிட்ட இல்ல, இல்லைன்னு தான் சொன்னோம். அமெரிக்கால இருக்கற எங்க கூட விளையாடின பையன் 2 லட்சம் அனுப்பறேன்னான், அவன் இப்போ அந்த ஊர் குடிமகன். இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்தை அனுப்பலாம், ஆனா வெளிநாட்டுக் குடிமக்கள்கிட்ட வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ பதிவு வேணும். வேண்டாம்டா கண்ணான்னு சொன்னப்போ அவன் போன்லயே அழுதுட்டான். ஷார்ஜாவுல இருக்கறவன் அனுப்பினது வந்துச்சு. இதெல்லாம் ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சுக்கணும், பாதில தெரிஞ்சா ரொம்ப கஷ்டம்.

இப்போ வசூல். லேஅவுட்ல 186 வீடு. வீட்டுக்கு 75,000ன்னு கணக்கு போட்டோம், கேட்டா தர மாட்டாங்களான்னு. முதல் ரெண்டு மாசத்துல 38 லட்சம் வந்துச்சு, அதுல 20 லட்சம் ரெண்டே பேர் குடுத்தது. அப்புறம் நின்னுடுச்சு. போய் பெல் அடிச்சா "பார்க்கலாம்மா", "பையன் வரட்டும்", "நாங்க பார்க்குக்கே வர்றதில்லையே". சில வீடு பூட்டியே கெடக்கு. சிலர் இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டிட்டு வேற ஏரியா போயிட்டாங்க. ஒரு பில்டர் 15 லட்சம் தர்றேன், வாசல்ல எங்க கம்பெனி போர்டு நிரந்தரமா இருக்கணும்னாரு, வேண்டாம்னுட்டோம். ஜூலைல எனக்கு ராத்திரி தூக்கமே வராது, அட்வான்ஸ் 15 லட்சம் போயிடுமோன்னு.

ஒரு நாள் சாயங்காலம் ரசீது புக்கோட பெஞ்சுல உக்காந்திருக்கேன், திடல் ஓரமா அயர்ன் வண்டி வெச்சிருக்கற அக்கா வந்தாங்க. 22 வருஷமா அங்க தான் வண்டி. பெட்டில கரி போட்டுட்டு கைய முந்தானைல துடைச்சுகிட்டே, "ஏம்மா, இந்த இடத்துக்கு காசு சேக்கறீங்களாமே, எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே"ன்னாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "அக்கா, அது வீட்டு ஓனருங்ககிட்ட மட்டும்..."னு இழுத்தேன். "நான் காலைல 7 மணில இருந்து இங்க தானே நிக்கறேன், உங்க ஓனருங்க எத்தினி நேரம் நிக்கறாங்க?" அப்படின்னு கேட்டாங்க, கோவமா இல்ல, நிஜமாவே கேட்டாங்க. சுருக்குப் பைல இருந்து 2,000 எடுத்து எண்ணிக் குடுத்தாங்க, பத்து ரூபா இருபது ரூபா நோட்டும் அதுல இருந்துச்சு, எல்லாம் மடிப்பு இல்லாம அழகா தேச்சு வெச்ச மாதிரி. ரசீது நம்பர் 211. பேர் எழுதும்போது இத்தனை வருஷத்துல அவங்க முழுப் பேரே எனக்கு தெரியாதுன்னு ஒறைச்சுது.

எங்க சங்க பைலா, அதாவது விதிமுறைப்படி, ஓனர் தான் மெம்பர். அதனால வசூலுக்கும் ஓனர் லிஸ்டை மட்டும் தான் வெச்சுகிட்டு அலைஞ்சோம். வாடகைக்கு இருக்கறவங்க லேஅவுட்ல 300 குடும்பத்துக்கு மேல இருக்கும், அவங்க கதவை ஒருத்தர் கூட தட்டல. அந்தப் பார்க்ல தெனம் சாயங்காலம் குழந்தைய விளையாட விடறது அவங்க தான், ஒண்டிக் குடித்தனத்துல, மொட்டை மாடிக்கு போகக் கூட ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கணும்னு இருக்கறவங்களுக்கு வேற எடம் ஏது. அடுத்த ஞாயித்துக்கிழமையே போனோம். முத வீட்டுலயே ஒரு டெலிவரி வேலை பாக்கற தம்பி 1,000 ஜிபே பண்ணிட்டு, "நாங்க அடுத்த வருஷம் இங்க இருப்போமான்னு தெரியலக்கா, இருந்தாலும் போடறேன்"னான். ஒரு பொண்ணு, ஏலச்சீட்டை தள்ளி எடுத்து நஷ்டத்தோட 40,000 கொண்டு வந்து குடுத்தா, வேண்டாம்மா இவ்ளோன்னு சொன்னாலும் கேக்கல, "என் புள்ள இங்க தான்கா நடை பழகினான்"னா. டீக்கடை அண்ணன், பூக்கார அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, ட்யூஷன் பசங்க உண்டியல். எங்க கணக்குல இது எல்லாம் சேர்ந்து 11 லட்சம் தான். ஆனா ஞாயித்துக்கிழமை தோறும் போர்டுல பேரோட தொகைய எழுதி வெச்சோம், 50 ரூபா குடுத்தவங்க பேரும் 10 லட்சம் குடுத்தவங்க பேரும் ஒரே சைஸ் எழுத்துல. அதைப் பார்த்துட்டு தான் பார்க்கலாம்னு சொன்ன வீடெல்லாம் கூப்பிட்டு குடுக்க ஆரம்பிச்சாங்க. ஓனர்கிட்ட ரெண்டு மாசம் கூட டைம் வாங்கினோம், கடைசில 9 லட்சம் தேறல, அஞ்சு பேர்கிட்ட வட்டியில்லாம கைமாத்து வாங்கி 2024 டிசம்பர்ல கிரயம் பண்ணிட்டோம். சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல போட்டோ எடுத்து கைரேகை வெக்கும்போது எனக்கு கை நடுங்குச்சு.

வாங்கினதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன், இல்ல. அடுத்த மாசமே கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, இனிமே இது சங்கத்து சொத்து, கேட் போட்டு பூட்டணும், சந்தா கட்டற வீட்டுக்கு சாவி குடுக்கலாம், வெளியாள் வந்து குப்பை போடறாங்கன்னாரு. கை தட்டினவங்களும் இருந்தாங்க. நான் ரசீது புக் ஏழையும் மேஜை மேல வெச்சு, யாரெல்லாம் வெளியாள்னு இதுல கோடு போட்டுக் காட்டுங்கன்னு கேட்டேன். பூட்டு வேண்டாம்னு அன்னிக்கே தீர்மானம் ஆச்சு, மாடு உள்ள வராம இருக்க ஒரு நாதாங்கி மட்டும் போதும்னு.

ஆனா நெஜமான கேள்வி வேற, இடம் யார் பேர்ல இருக்கணும்? பாதிப் பேர் கார்ப்பரேஷனுக்கே தானமா எழுதிடலாம், பின்பக்க பார்க்கோட சேர்ந்து ஒண்ணாயிடும், லைட்டு, தண்ணி, துப்புரவு எல்லாம் அவங்களே பாப்பாங்கன்னு சொல்றாங்க. இன்னும் பாதிப் பேர், குடுத்துட்டா நாளைக்கு அங்க பம்ப் ஹவுஸ், வார்டு ஆபீஸ்னு ஏதாவது கட்டிடுவாங்கன்னு பயப்படறாங்க. அந்த பயத்துக்கு இந்த ஊர்லயே பெரிய அத்தாட்சி இருக்கு. பார்க் ஸ்டேஷன்ல இறங்கி சென்ட்ரலுக்கு நடக்கறோமே, அங்க எங்கங்க பார்க் இருக்கு? 1859ல கவர்னரா இருந்த ட்ரெவெல்யன் போட்ட பீப்பிள்ஸ் பார்க், நூறு ஏக்கருக்கு மேல இருந்துச்சு. பார்க் டவுன்னு பேர் வந்ததே அதனால தான். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், 1913ல ரிப்பன் பில்டிங், ஸ்டேடியம்னு துண்டு துண்டா போச்சு. எங்க தாத்தா காலத்துல எல்லாரும் உயிர் காலேஜ்னு சொல்ற மிருகக்காட்சி சாலையும் அங்க தான், அதுவும் 1985ல வண்டலூர் போயிடுச்சு. மைலேடிஸ் பார்க்னு ஒரு துணுக்கு மிச்சம். இதுல திருடன் யாரும் இல்ல, ஒவ்வொண்ணும் ஊருக்கு தேவையான கட்டடம் தான், அதனால தான் யாரும் தடுக்கல.

அதே சமயம் சங்கத்துகிட்டயே இருக்கட்டும்னு சொல்றவங்க 20 வருஷம் கழிச்சு யார் பொறுப்புல இருப்பாங்கன்னு யோசிக்கணும். பொதுக்குழு மெஜாரிட்டில தீர்மானம் போட்டா சங்கமே வித்துடலாம், இல்லைன்னா கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடலாம். என் கருத்து, பார்க்கா மட்டும் தான் இருக்கணும், எந்தக் கட்டடமும் கூடாது, யாரையும் தடுக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே நிபந்தனை எழுதி கார்ப்பரேஷனுக்கு குடுக்கணும், 1959 பூங்கா, விளையாட்டுத் திடல் பாதுகாப்புச் சட்டத்துல பட்டியல்ல சேர்க்கச் சொல்லி மனு போடணும். பெங்களூர்ல பார்க்குக்கு ஒதுக்கின இடத்தை ஆஸ்பத்திரி கட்ட குடுத்தப்போ அங்க குடியிருந்தவங்க கேஸ் போட்டு, 1991ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்திருக்கு, ஆஸ்பத்திரிக்கே அப்படின்னா மத்ததுக்கு கேக்கவே வேண்டாம். பேப்பர்ல பார்க்னு இருந்ததால தான் அவங்களால நிக்க முடிஞ்சுது. எங்க பேப்பர்ல ஷாப் சைட்னு இருந்துச்சு, அதுக்கு 1 கோடியே 45 லட்சம் ஆச்சு.

அடுத்த பொதுக்குழுல இது ஓட்டுக்கு வருது. அதோட பைலாவ திருத்தி வாடகைக்கு இருக்கறவங்களும் மெம்பர் ஆகலாம்னு ஒரு தீர்மானம் நான் குடுத்திருக்கேன், முன்மொழிஞ்சது நான், வழிமொழிஞ்சது மூணாவது தெரு மாமா. காம்பவுண்டுக்கும் நடைபாதைக்கும் நமக்கு நாமே திட்டத்துல மனு குடுத்தாச்சு, மூணுல ஒரு பங்கு நாங்க போட்டா மிச்சம் அரசாங்கம் போடும்.

கைமாத்து 9 லட்சத்துல 5 திருப்பிக் குடுத்தாச்சு, இன்னும் 4 லட்சம் பாக்கி. எட்டாவது ரசீது புக் எங்கிட்ட இருக்கு. மழை இல்லாத நாள்ல சாயங்காலம் 6ல இருந்து 7 வரைக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற கல் பெஞ்சுல தான் உக்காந்திருப்பேன், நான் இல்லைன்னா அயர்ன் அக்காகிட்ட குடுங்க, அவங்களுக்கும் ரசீது போடத் தெரியும்.